3 மீற்றர் காற்றாடிக்கு 48 வோல்ற் பக் கொன்வேட்டர்: 200 வோல்ற் மொஸ்பெட் காணுமோ?

தீவுக்காத்து:

வணக்கம். யாழ்ப்பாணத் தீவு வேலணையிலை 12 மீற்றர் கம்பத்திலை நிக்கிற ஒரு காற்றாடிக்கு சார்ஜர் வடிவமைக்கிறன். விபரத்தை முதல் தாறன்.

மூண்டு இறக்கை, விட்டம் 3 மீற்றர். கியர் இல்லை, இறக்கையோடை நேரடியாப் பூட்டின நிலைக்காந்த ஜெனரேற்றர், 16 முனை, மூண்டு பேஸ். லோட் இல்லாமல் நிமிசத்துக்கு 200 சுத்திலை எந்த ரெண்டு வயருக்கிடையிலும் 50 வோல்ற் ஏசி. அதே ரெண்டு வயருக்கிடையிலை தடை 0.9 ஓம். வால் மடிஞ்சு காத்துக்கு விலகிற அமைப்பு இருக்கு, செக்கனுக்கு 11, 12 மீற்றரிலை விலகத் தொடங்கும். பற்றரி 16 செல் லிதியம் இரும்பு பொஸ்பேற், 200 அம்பியர் மணி, உள்ளுக்கையே பிஎம்எஸ் (செல்லுகளைக் கவனிச்சு, தேவைப்பட்டால் பற்றரியை வெட்டிவிடுற பாதுகாப்புப் பலகை) இருக்கு. கம்பத்தடியிலையிருந்து பற்றரி அறைக்கு 40 மீற்றர், 4 சதுர மில்லிமீற்றர் கேபிள்.

இப்போதைக்கு டயோட் பிறிட்ஜ் (ஏசியை டிசி ஆக்கிறது) போட்டு நேரடியா பற்றரிக்குக் குடுத்திருக்கு. சோளகம் பிலமா அடிக்கேக்கையும் 600 வாற்றுக்கு மேலை ஏறுதில்லை. இறக்கை மந்தமாச் சுத்துது. அதுக்காகத்தான் பக் கொன்வேட்டர் (கூடின டிசியை மொஸ்பெட் எண்ட வேகமான மின்சுவிச்சாலை வெட்டி வெட்டிப் பற்றரி வோல்ற்றேஜுக்கு இறக்கிற சேர்க்கிட்) போட யோசிக்கிறன்.

1) செக்கனுக்கு 10 மீற்றர் காத்திலை 130 வோல்ற் டிசி வரும் எண்டு கணக்கு வருது. 200 வோல்ற் மொஸ்பெட் காணுமோ?
2) சோலாருக்குப் போடுற மாதிரி கொஞ்சம் கூட்டி, குறைச்சுப் பாத்து உச்சத்தைத் தேடுற முறை இதுக்குச் சரிவருமோ?
3) டம்ப் லோட்டை (மிஞ்சிற மின்னைச் சூடாக்கி எரிக்கிற தடை) பற்றரிப் பக்கம் போடுறதோ, காற்றாடிப் பக்கமோ?

—————

செப்புச்சுருள்:

முதல் கேள்விக்கு: காணாது. நீங்கள் கணக்குப் பாத்தது லோட்டோடை ஓடேக்கை வாற வோல்ற்றேஜை. கொன்வேட்டரை உடைக்கிறது லோட் இல்லாமல் வாற வோல்ற்றேஜ்.

உங்கடை ஜெனரேற்றர் நிமிசத்துக்கு ஒவ்வொரு சுத்துக்கும் 0.25 வோல்ற். லோட்டோடை நல்லா ஓடேக்கை இறக்கை நுனி காத்தைவிட 6 மடங்கு வேகத்திலை போகும். 10 மீற்றர் காத்துக்கு அது 380 சுத்து, 95 வோல்ற் ஏசி. மூண்டு பேஸ் பிறிட்ஜாலை டிசி ஆக்கிறதுக்கு அதை 1.35 ஆலை பெருக்கினால் உங்கடை 130 வருது, அது சரி. ஆனால் பற்றரி நிரம்பி பிஎம்எஸ் வெட்டினால், இல்லாட்டி ஒரு பியூஸ் போனால், அதே இறக்கை 10 மடங்குக்குக் கிட்டப் பறக்கும். வால் மடியிறதுக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். அதுக்குள்ளை 15 மீற்றரிலை ஒரு வீச்சு வந்தால் 950 சுத்து, ஏறத்தாழ 240 வோல்ற் ஏசி. லோட் இல்லாத நேரம் கப்பாசிற்றர் உச்சத்துக்கே நிரம்பும், அதாலை 1.41 ஆலை பெருக்குங்கோ: 335 வோல்ற். 200 வோல்ற் மொஸ்பெட் அந்தக் கணமே உள்ளுக்கை ஷோட் ஆகும். பிறகு பஸ்ஸிலை (பிறிட்ஜுக்கும் கொன்வேட்டருக்கும் இடையிலை இருக்கிற டிசி இணைப்பு) நிக்கிற வோல்ற்றேஜ் முழுக்க இன்டக்டருக்குள்ளாலை (கொன்வேட்டரின்ரை வெளிப்பக்கச் சுருள்) பற்றரிக்குப் போகும். அதாவது போறது மொஸ்பெட் மட்டுமில்லை.

ஆகவே மொஸ்பெட், டயோட் ரெண்டும் 650 வோல்ற். பஸ் கப்பாசிற்றர் 450 வோல்ற். பிறிட்ஜ் 1200 வோல்ற்றுக்குக் குறையாமல், 35 அம்பியர். இதிலை காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஏன் 600 வாற்றோடை நிக்குது எண்டதையும் ஒருக்கா விளங்கிக்கொள்ளுங்கோ, கொன்வேட்டர் என்ன செய்யவேணும் எண்டது அதிலைதான் இருக்கு. பற்றரி 54 வோல்ற்றிலை பஸ்ஸை இறுக்கிப் பிடிக்குது. 11 அம்பியர் ஓடேக்கை சுருளிலையும் கேபிளிலையும் டயோட்டிலையும் ஒரு 17 வோல்ற் விழும். 71 வோல்ற் டிசி எண்டால் 210 சுத்து. 10 மீற்றர் காத்திலை 210 சுத்து எண்டது நுனிவேகம் 3 மடங்கு சொச்சம்தான். இறக்கை அமுங்கிப் போச்சுது, காத்து அதைத் தள்ளாமல் வழுக்கிக்கொண்டு போகுது. அதே 11 அம்பியரை 110 வோல்ற்றிலை எடுத்தால் 1200 வாற். சுருளுக்குள்ளை ஓடுற கரண்ட் அதேதான், சுருள் சூடும் அதேதான், வாறது ரெண்டு மடங்கு. பக் கொன்வேட்டர் செய்யிற வேலை முழுக்க இதுதான்: இறக்கையை அதின்ரை வேகத்திலை ஓடவிட்டு, பற்றரியை அதின்ரை வோல்ற்றேஜிலை வைச்சிருக்கிறது.

குறைஞ்ச காத்துக்கு பூஸ்ற்றும் (வோல்ற்றேஜைக் கூட்டிற சேர்க்கிட்) வேணுமோ எண்டு அடுத்ததாக் கேப்பியள். வேண்டாம். 3.5 மீற்றர் காத்திலை இந்த இறக்கைக்கு வாறது 60 வாற், அதிலை இரும்பு நட்டம், பெயாரிங், கொன்வேட்டரின்ரை சொந்தச் செலவு போனால் மிஞ்சிறதுக்காக ஒரு சேர்க்கிட்டை இரட்டிப்பாக்கிறது பிரயோசனமில்லை. காத்தின்ரை சக்தி வேகத்தின்ரை மூண்டாம் அடுக்கு எண்டதை மறக்கக்கூடாது.

—————

கரையோரம்:

மூண்டாவது கேள்விக்கு நான் சொல்லுறன். காற்றாடிப் பக்கம்தான். லெட் அசிட் காலத்திலை பற்றரிப் பக்கம் போட்டவை, ஏனெண்டால் அந்தப் பற்றரி ஒருநாளும் தன்னை வெட்டிக்கொள்ளாது. லிதியத்துக்குள்ளை இருக்கிற பிஎம்எஸ் ஒரு செல் கூடினாலே கதவைச் சாத்தும். பற்றரிப் பக்கத்து டம்ப் லோட்டுக்கு அந்த நேரம் பாத்துக்கொண்டிருக்க ஒரு பற்றரியே இல்லை. கொன்வேட்டரின்ரை வெளிப்பக்க வோல்ற்றேஜ் துள்ளும், இன்வேட்டர் போகும், காற்றாடி அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி ஓடும்.

பிறிட்ஜுக்குப் பிறகு, கொன்வேட்டருக்கு முன்னம் பஸ்ஸிலை போடுங்கோ. தடைக்கு 230 வோல்ற் 1 கிலோவாற் ஹீற்றர் கம்பி, காத்திலை ஓடுற துடுப்பு வைச்ச சாதி, அஞ்சு எடுத்துச் சமாந்தரமா இணையுங்கோ. ஒண்டு 53 ஓம், அஞ்சும் சேர 10.6 ஓம். 150 வோல்ற்றிலை 14 அம்பியர், 2.1 கிலோவாற். ஒவ்வொரு கம்பியும் தன்ரை அளவிலை பாதிக்கும் குறையத்தான் சுமக்கும், ஆண்டுக்கணக்கா நிக்கும். தண்ணிக்குள்ளை வைக்கிற கம்பியை வெறுங்காத்திலை போடாதேங்கோ. வந்த ஹீற்றரிலை தேர்மோஸ்ரற் இருந்தால் கழட்டி எறியுங்கோ. அது ஏசிக்குச் செய்தது. 150 வோல்ற் டிசியைத் திறக்கேக்கை பொறி அணையாமல் எரிஞ்சுகொண்டே இருக்கும்.

இதுக்கான சுவிச்சை மைக்ரோகொன்ட்ரோலரிட்டைக் குடுக்காதேங்கோ. ஒரு கொம்பறேற்றர் (வோல்ற்றேஜை ஒரு அளவோடை ஒப்பிட்டுப் பாக்கிற சிப்), ஒரு 650 வோல்ற் ஐஜிபிற்றி (மொஸ்பெட் மாதிரி ஒரு மின்சுவிச்), 150 வோல்ற்றிலை போட்டு 135 இலை விடுறது. மின் வழங்கலும் இந்த பஸ்ஸிலையிருந்தே எடுக்கவேணும். பற்றரி இல்லாட்டியும், சொவ்ற்வெயார் தூங்கினாலும் இது வேலை செய்யவேணும்.

இதிலை வழமையா விடுற பிழை ஒண்டு இருக்கு. ஹீற்றர் கம்பி சுருளாத்தான் இருக்கு, வயரும் ஒரு மீற்றர் நீளம். ஐஜிபிற்றி கரண்டை வெட்டேக்கை அந்தத் தூண்டம் வோல்ற்றேஜை மேலை தூக்கி அடிக்கும். தடைக்குக் குறுக்கை ஒரு வேகமான 600 வோல்ற், 15 அம்பியர் டயோட்டை எதிர்ப்பக்கமாப் போட்டால் சரி. அது இல்லாத டம்ப் சேர்க்கிட் மேசையிலை நல்லா வேலை செய்யும், முதல் பெருங்காத்திலை போகும்.

பிறேக்குக்கு மூண்டு பேஸையும் ஷோட் பண்ணுற சுவிச் பிறிட்ஜுக்கு முன்னாலை, ஏசிப் பக்கம். மூண்டு வயரையும் அறைக்குள்ளை கொண்டு வந்து பிறிட்ஜை உள்ளுக்கை வையுங்கோ. 110 வோல்ற்றிலை ஓடினால் உந்த 4 சதுர மில்லிமீற்றர் கேபிளிலை முழு லோட்டிலை 60 வாற் அளவுதான் நட்டமாப் போகும், மாத்தத் தேவையில்லை. ஷோட் சுவிச்சைக் காத்து தணியிற இடைவெளியிலை போடுங்கோ. 600 சுத்திலை போட்டால் எதிர்விசை எதிர்பார்த்த அளவு வராது, சுருள்தான் எரியும்.

—————

தீவுக்காத்து:

பெரிய உதவி அண்ணை. வெளிப்பக்கம் துள்ளுறதைப் பற்றிச் சொன்னியள், அதைத் தடுக்கத் தனி ஏற்பாடு வேணுமோ? இன்டக்டர் கணக்கும் ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ. 40 கிலோஹேட்ஸ், 100 மைக்ரோஹென்றி எண்டு எடுத்திருக்கிறன். மேல்மொஸ்பெட்டுக்கு பூட்ஸ்ராப் டிறைவர் (ஒரு சின்னக் கப்பாசிற்றரை நிரப்பி, அதாலை மொஸ்பெட்டைப் போடுற சேர்க்கிட்).

—————

செப்புச்சுருள்:

100 மைக்ரோஹென்றி சரி. ஆகக்கூடின நிலையைப் பாப்பம்: பஸ் 150, பற்றரி 54, டியூட்டி (ஒவ்வொரு சுற்றிலும் மொஸ்பெட் போட்டிருக்கிற நேரப் பங்கு) 0.36. மேலும் கீழுமா ஆடுற கரண்ட் 8.6 அம்பியர். 1500 வாற்றுக்கு வெளிக்கரண்ட் 28, உச்சம் 32 சொச்சம். கோர் (இன்டக்டர் சுருளுக்கு நடுவிலை இருக்கிற காந்தப்பொருள்) 40 அம்பியர் வரைக்கும் காந்தத்தாலை நிரம்பாமல் இருக்கவேணும், கரண்ட் லிமிற் கொம்பறேற்றரையும் 40 இலை வையுங்கோ.

ஈ65 பெரைற் கோர் எடுத்தால் குறுக்குப் பரப்பு 535 சதுர மில்லிமீற்றர். 0.3 ரெஸ்லாவுக்கு மேலை போகாமல் இருக்க 25 சுத்து. கோரிலை விடுற காத்து இடைவெளி மொத்தம் 4.2 மில்லிமீற்றர் வரும். ரெண்டு பாதிக்கும் இடையிலை மூண்டு காலுக்கும் தடுப்பு வைக்கிறியள் எண்டால் தடுப்பின்ரை தடிப்பு 2 மில்லிமீற்றர்தான், 4 இல்லை. நடுக்காலிலை ஒருக்காவும் வெளிக்காலிலை ஒருக்காவும் காந்தப்பாயம் அதைக் கடக்குது. வயர் 0.5 மில்லிமீற்றர் எனாமல் வயர் 36 இழை முறுக்கி. ஒற்றைத் தடிச்ச வயர் சுத்தாதேங்கோ, 40 கிலோஹேட்ஸிலை கரண்ட் தோலிலை 0.33 மில்லிமீற்றர் ஆழம்தான் போகும். நடுக்கால் இடைவெளிக்கு மேலை சுத்து நேரடியாப் படாமல் 4, 5 மில்லிமீற்றர் விலத்தி விடுங்கோ. அதிலை பிதுங்கி வாற பாயம் செம்பைச் சுடவைக்கும். கோர் குளிராயும் நடுச்சுத்து கருகியும் கிடந்தால் காரணம் அதுதான்.

பூட்ஸ்ராப் வேண்டாம். இதை அழுத்திச் சொல்லுறன், ஏனெண்டால் சேர்க்கிட் படத்திலை பிழையே தெரியாது. பூட்ஸ்ராப் கப்பாசிற்றர் நிரம்ப சுவிச் முனை (மொஸ்பெட்டும் இன்டக்டரும் சேருற இடம்) ஒருக்காவது பூச்சிய வோல்ற்றுக்கு இறங்கவேணும். இங்கை வெளிப்பக்கம் பற்றரி இருக்கு. மொஸ்பெட் ஓய்வா இருக்கேக்கை இன்டக்டருக்குள்ளாலை பற்றரி அந்த முனையை 54 வோல்ற்றிலை தூக்கி வைச்சிருக்கும். கப்பாசிற்றர் நிரம்பாது, மொஸ்பெட்டைப் போட்டு அணைக்கிற கேற் முனைக்கு மின் இல்லை, கொன்வேட்டர் ஒருநாளும் எழும்பாது. மேசையிலை பல்ப்பை லோட்டாப் போட்டுச் சோதிச்சால் ஒழுங்கா ஓடும், பற்றரியைக் கொழுவினால் செத்தமாதிரிக் கிடக்கும். தனிமைப்படுத்தின சின்ன 12 இலிருந்து 15 வோல்ற் மொடியூல் ஒண்டு போட்டு டிறைவருக்குக் குடுங்கோ. டியூட்டி நூறு வீதத்திலையும் நிக்கலாம்.

கீழ்ப்பக்கம் மொஸ்பெட் போட்டு திறனைக் கூட்டுற ஆசை வரும். முதல் பலகையிலை டயோட் மட்டும் போடுங்கோ. கீழ்மொஸ்பெட்டின்ரை நேரம் பிழைச்சால் பக் திரும்பி பூஸ்ற்றா ஓடி, பற்றரியை எடுத்து பஸ்ஸை ஏத்தும். சிலிக்கன் காபைட் டயோட்டிலை போறது 20 வாற்றுக்குள்ளை, மொஸ்பெட்டிலை இன்னொரு 20. இன்டக்டரும் மிச்சமும் சேர மொத்தம் 60 வாற் நட்டம், அதாவது 96 வீதம். காணும்.

கப்பாசிற்றர்தான் இந்தச் சாதிக் கொன்வேட்டரிலை முதல் சாகிற உறுப்பு. 28 அம்பியர் வெளிக்கு, டியூட்டி பாதியிலை, பஸ் கப்பாசிற்றருக்குள்ளை ஓடுற ஆடல் கரண்ட் 14 அம்பியர். சாதாரண 470 மைக்ரோபரட் எலெக்ரோலிற்றிக் ரெண்டு அதைத் தாங்காது. சூடாகி, உள்ளுக்கை ஈரம் காஞ்சு, தலை வீங்கும். மொஸ்பெட்டுக்கும் டயோட்டுக்கும் ஒட்டினமாதிரி 20 மைக்ரோபரட் பிலிம் கப்பாசிற்றர் ரெண்டு போடுங்கோ, வேகமான கரண்ட் முழுக்க அதுக்குள்ளாலை போகட்டும். எலெக்ரோலிற்றிக் 105 பாகை சாதி, பின்னாலை ரெண்டு விரல் தள்ளி. மொஸ்பெட்டிலிருந்து பிலிம் கப்பாசிற்றர் போய் டயோட்டாலை திரும்புற வளையம் உள்ளங்கைக்குள்ளை அடங்கவேணும்.

வெளிப்பக்கம்: பிஎம்எஸ் வெட்டினால் இன்டக்டரிலை நிக்கிற சக்தி வெளிக்கப்பாசிற்றருக்குள்ளை போகும். அங்கை 1000 மைக்ரோபரட், 100 வோல்ற் வையுங்கோ. 60 வோல்ற்றிலை ஒரு கொம்பறேற்றர் கேற்றை நேரடியா வெட்டட்டும், சொவ்ற்வெயாருக்குக் காத்திருக்காமல். கொன்வேட்டர் நிண்டதும் பஸ் ஏறும், 150 இலை டம்ப் எடுக்கும். சங்கிலி அப்பிடித்தான் ஓடவேணும்.

பற்றரியை முதல்தரம் கொழுவேக்கை மொஸ்பெட்டின்ரை உள்டயோட்டாலை பஸ் கப்பாசிற்றர் ஒரே பாய்ச்சலிலை நிரம்பும், பொறி பறக்கும். 47 ஓம் 10 வாற் தடையாலை ஒரு செக்கன் நிரப்பிப்போட்டு பிரேக்கரைப் போடுங்கோ.

—————

அச்சுவேலிப் பொடியன்:

ரெண்டாவது கேள்வி தனிய நிக்குது, அதுக்கு வாறன். கூட்டி, குறைச்சுப் பாக்கிற முறை வெயிலுக்குச் சரி, காத்துக்குச் சரியில்லை. சோலார் பனலின்ரை வோல்ற்றேஜ் மில்லிசெக்கனிலை மறுமொழி சொல்லும். இறக்கைக்குப் பாரம் இருக்கு, வேகம் மாற செக்கன்கணக்கு வேணும். நீங்கள் கரண்டைக் கூட்டினவுடனை வாற வாற் கூடும், ஆனால் அது காத்திலையிருந்து வந்ததில்லை, சுத்திற பாரத்திலை சேமிச்சு வைச்சதைக் கறக்கிறியள். கொன்ட்ரோலர் நல்லது நடக்குது எண்டு நினைச்சு இன்னும் கூட்டும். நாலு செக்கனிலை இறக்கை அமுங்கிப் போகும். இதுக்குள்ளை காத்து வேறை மாறியிருக்கும்.

அதுக்குப் பதிலா அட்டவணை. பஸ் வோல்ற்றேஜே உங்கடை வேகமானி. சக்தி வேகத்தின்ரை மூண்டாம் அடுக்கு எண்டால் கரண்ட் வோல்ற்றேஜின்ரை ரெண்டாம் அடுக்கு. உங்கடை இறக்கைக்கும் தடைக்கும் கேபிளுக்கும் கணக்குப் பாத்தால் பஸ் 60 வோல்ற்றிலை 2.4 அம்பியர், 75 இலை 4.3, 90 இலை 6.5, 110 இலை 11. இடையிலை நேர்கோடு. 110 க்கு மேலை 13 அம்பியரோடை நிப்பாட்டுங்கோ, மிச்சத்தை வாலும் டம்ப்பும் பாக்கட்டும். 62 வோல்ற்றிலை இழுக்கத் தொடங்கி 56 இலை விடுங்கோ, இல்லாட்டி மெல்லிய காத்திலை போட்டு அணைஞ்சு போட்டு அணைஞ்சு கொண்டிருக்கும்.

கரண்ட் ஏறுற வேகம் செக்கனுக்கு 2 அம்பியர், இறங்கிற வேகம் 10. ஏறேக்கை மெதுவா, இறங்கேக்கை கெதியா. கரண்ட் கூடக்கூட வோல்ற்றேஜ் விழுந்துகொண்டு போனால் அமுங்கல் தொடங்கீட்டுது. கரண்டைப் பாதியாக்கி அஞ்சு செக்கன் விடுங்கோ, இறக்கை திரும்ப எழும்பும். அட்டவணையைத் திருத்தேக்கை சந்தேகம் வந்தால் குறைச்சுப் பிடியுங்கோ. கொஞ்சம் குறைய இழுத்தால் இறக்கை கொஞ்சம் வேகமா ஓடும், சில வீதம்தான் நட்டம். கூட இழுத்தால் அமுங்கிப் பாதியாப் போகும்.

கம்பம் 12 மீற்றர் எண்டியள். பக்கத்திலை பனங்கூடல் இருந்தால் அதுக்குப் பின்னாலை வாற காத்து குழம்பின காத்து, அட்டவணை எவ்வளவு நேர்த்தியா இருந்தாலும் வோல்ற்றேஜ் ஆடிக்கொண்டே இருக்கும். அப்பிடியெண்டால் ஏறுற வேகத்தை 1 அம்பியராக்குங்கோ.

—————

வடலி:

இடையிலை ஒரு கேள்வி. பற்றரி இல்லாமல், பிறிட்ஜிலையிருந்து வாற டிசியை சோலார் கிறிட் இன்வேட்டருக்கு (டிசியை ஏசியாக்கி மின்சார சபை லைனோடை சேர்க்கிறது) குடுத்தால் என்ன? பெரிய காற்றாடியளிலை பற்றரி இல்லைத்தானே?

—————

செப்புச்சுருள்:

ரெண்டு தடை. சோலார் கிறிட் இன்வேட்டர் லைனைப் பாத்து, பொறுத்து, பிறகுதான் சேரும். லைன் ஒருக்கா போய் வந்தால் ஒரு நிமிசம் அளவு சும்மா நிக்கும். அந்த நிமிசம் முழுக்க காற்றாடிக்கு லோட் இல்லை. ரெண்டாவது, உந்த இன்வேட்டருகள் உச்சத்தைத் தேடத் தொடங்கிறதே 80, 100 வோல்ற்றுக்கு மேலை. இந்த ஜெனரேற்றர் 10 மீற்றர் காத்திலைதான் 110 தருது. சுருளை நாலு மடங்கு சுத்தோடை மெல்லிய வயரிலை திரும்பச் சுத்தி, வோல்ற்றேஜ்–வாற் அட்டவணை போடக்கூடின காற்றாடி இன்வேட்டரா எடுத்து, முன்னாலை டம்ப் லோட்டும் வைச்சால்தான் சரிவரும்.

பெரிசிலையும் கதை அதேதான். மன்னாரிலை நிக்கிற தம்பபவனி காற்றாலைப் பண்ணையிலை 30 காற்றாடி, ஒவ்வொண்டும் 3.45 மெகாவாற். அந்த அளவுக் காற்றாடியள் முழு மின்னையும் டிசி ஆக்கித் திரும்ப 50 ஹேட்ஸ் ஏசி ஆக்கிற வகையெண்டால் நடு டிசி பஸ்ஸிலை தடையோடை ஒரு சொப்பர் (மின்னைத் தடைக்குத் திருப்பிவிடுற சுவிச்) இருக்கும். லைனிலை கோளாறு வந்து மின்னை வெளியிலை தள்ள ஏலாத கணங்களிலை சக்தியை அது எரிக்கும், அதுக்குள்ளை இறக்கையின்ரை கோணத்தைத் திருப்புவினம். உங்களுக்குக் கோணம் திருப்ப ஏலாது, வால் மடியிறதுதான் இருக்கு. அதாலை உங்கடை தடை செக்கனுக்கில்லை, மணிக்கணக்குக்குத் தாங்கவேணும்.

—————

கரையோரம்:

பெட்டியைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. வேலணையிலை உப்புக்காத்து. இறுக்கி மூடின பெட்டி வெளியிலை வைச்சால் பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் மூச்சு வாங்கி உள்ளுக்கை ஈரம் கட்டும், உப்பும் சேரும். அறைக்குள்ளை, சுவரிலை, ஹீற்சிங்க் துடுப்பு நிலைக்குத்தா நிக்கிற மாதிரிப் பூட்டுங்கோ. விசிறி வேண்டாம், 60 வாற்றுக்குப் பெரிய ஹீற்சிங்க் காணும். விசிறி உப்பை உள்ளுக்கை இழுக்கும். பலகைக்கு அக்ரிலிக் பூச்சு ரெண்டு தரம், முனைகளை மறைச்சுப்போட்டு. செப்பு முனையள் ஈயம் பூசின சாதி. கேபிள் நுழையிற ஓட்டையை அடையுங்கோ. எறும்பும் பல்லியும் சூடான பெட்டியைத் தேடி வரும், 150 வோல்ற் பஸ்ஸுக்குக் குறுக்கை ஒரு பல்லி காணும்.

கம்பத்தடி ஏர்த்துக்கு ஒரு கோல் போதாது. மேலை கொஞ்ச மண், கீழை சுண்ணாம்புக்கல், கோடையிலை காஞ்சுபோகும். ரெண்டு மூண்டு கோலைத் தள்ளித்தள்ளி இறக்கி, வெறும் செப்புக்கம்பியாலை மண்ணுக்குள்ளையே தொடுத்துவிடுங்கோ. மூண்டு பேஸிலும் 275 வோல்ற் சேர்ஜ் அறெஸ்ரர் (மின்னலாலை திடீரெண்டு எகிறுற வோல்ற்றேஜை ஏர்த்துக்கு இறக்கிறது).

—————

தீவுக்காத்து:

எல்லாம் எழுதி எடுத்திட்டன். கடைசியா, எந்த ஒழுங்கிலை சோதிக்கிறது?

—————

அச்சுவேலிப் பொடியன்:

டம்ப் முதல், கொன்வேட்டர் பிறகு. காத்துத் தணிஞ்ச சித்திரையிலை, சோளகம் தொடங்கமுன்னம் செய்யுங்கோ.

பற்றரியைக் கழட்டிவிட்டு, டம்ப் போடுற அளவை 150 இலிருந்து 70 க்கு இறக்கிவிடுங்கோ. 5, 6 மீற்றர் காத்திலையே அது வேலை செய்யுதோ எண்டு பாக்கலாம். 70 இலை 6.6 அம்பியர், 460 வாற் ஓடவேணும், இறக்கை கண்ணுக்குத் தெரியிறமாதிரித் தணியவேணும். பஸ் 75 ஐத் தாண்டினால் அண்டைக்கு ஷோட் சுவிச்சைப் போட்டுட்டு பிழையைத் தேடுங்கோ. ஒரு இரவு முழுக்க அப்பிடியே ஓடவிட்டு, காலமை ஐஜிபிற்றியையும் தடைக்குக் குறுக்கை போட்ட டயோட்டையும் தொட்டுப் பாருங்கோ, பிறேக் போட்டுப் பஸ் இறங்கின பிறகு.

கொன்வேட்டரை மேசையிலை, தனிமைப்படுத்தின ஒரு டிறான்ஸ்போமரும் பிறிட்ஜும் வைச்சு 110 வோல்ற் டிசி குடுத்து, வழியிலை 230 வோல்ற் 100 வாற் குண்டு பல்ப் ஒண்டைத் தொடரிலை போட்டு எழுப்புங்கோ. வெளியிலை பற்றரியே இருக்கட்டும், அந்த பூட்ஸ்ராப் மாதிரிப் பிழையள் அப்பதான் பிடிபடும். பல்ப் பிரகாசமா எரிஞ்சால் ஷோட். மங்கலா நிண்டு கரண்ட் பற்றரிக்குப் போனால் பல்ப்பைக் கழட்டி, கரண்டை 5, 10, 20 எண்டு ஏத்துங்கோ. 20 இலை அரை மணித்தியாலம் விட்டு இன்டக்டரின்ரை நடுச்சுத்தும் பிலிம் கப்பாசிற்றரும் எவ்வளவு சூடு எண்டு அளவுங்கோ. நடுச்சுத்து 100 பாகைக்கு மேலை போனால் இடைவெளியிலையிருந்து சுத்தை இன்னும் விலத்தவேணும்.

கம்பத்திலை கொழுவின அண்டு டம்ப் அளவை 150 க்குத் திருப்பி ஏத்த மறந்துபோகாதேங்கோ. பிறகு ஓடிக்கொண்டிருக்கேக்கை பிஎம்எஸ்ஸை வேணுமெண்டு வெட்டிப் பாருங்கோ, 6 மீற்றர் காத்துக்கு மேலை இல்லாத நேரத்திலை. வெளிப்பக்கம் 60 இலை நிண்டு, பஸ் மெல்ல ஏறுறதை மீற்றரிலை காணுவியள். 6 மீற்றர் காத்துக்கு பஸ் 135 அளவிலை நிக்கும்; இடையிலை 7 மீற்றருக்கு மேலை ஒரு வீச்சு வந்து 150 தொட்டு டம்ப் ஒருக்கா, ரெண்டுதரம் போட்டு விட்டால் கொன்வேட்டரை விட்டுட்டு வீட்டை போகலாம்.